ஃபிட்ஸ் மாத்திரைய விடாம போடறது எப்படி, விட்டுட்டா என்ன பண்றது

டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்த புதுசுல எல்லாரும் கரெக்டா போடுவாங்க, அப்புறம் கொஞ்ச மாசம் ஃபிட்ஸே வரலைன்னதும் "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை"ன்னு ஒரு நினைப்பு வரும் பாருங்க, பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. ஃபிட்ஸ் வராம இருக்கறதே மாத்திரை உள்ள போயிட்டு இருக்கறதாலதான். என் தங்கச்சிக்கு பல வருஷமா இந்த மாத்திரை ஓடுது, அவ மாத்திரை டப்பாவ பார்த்துக்கற வேலை என்னோடது, அதனால இதைப் பத்தி கொஞ்சம் விவரமா எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

மூளையில இருக்கற நரம்பு செல்லுங்க மின்சார சிக்னல் மூலமாத்தான் வேலை செய்யுது. அதுல ஒரு கூட்டம் திடீர்னு கட்டுப்பாடில்லாம ஒரே நேரத்துல சிக்னல் விட ஆரம்பிச்சா அதுதான் ஃபிட்ஸ். கீழ விழுந்து கை கால் வெட்டி இழுத்தாதான் ஃபிட்ஸ்னு நினைக்காதீங்க. பேசிட்டே இருக்கறவங்க பாதி வார்த்தையில நின்னு, கண்ணு ஒரே இடத்துல நிலைகுத்தி, உதட்டை சப்பு சப்புன்னு சப்பிக்கிட்டு, சட்டை பட்டனை நோண்டிக்கிட்டே ஒரு நிமிஷம் இருப்பாங்க, கூப்பிட்டா பதில் வராது, தெளிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னே தெரியாது, அதுவும் ஃபிட்ஸ்தான்.

ஒரு தடவை வந்துட்டா உடனே எபிலெப்சி, அதாவது வலிப்பு நோய்னு முடிவு பண்ண மாட்டாங்க. சுகர் ரொம்ப இறங்கினாலோ சோடியம் குறைஞ்சாலோ கூட ஃபிட்ஸ் வரும், அது வேற கணக்கு. அந்த மாதிரி உடனடி காரணம் எதுவும் இல்லாம, 24 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விட்டு ரெண்டு தடவை வந்தா எபிலெப்சி, இல்ல ஒரு தடவைதான் வந்துச்சு ஆனா மறுபடி வர வாய்ப்பு ரொம்ப அதிகம்னு டெஸ்ட்ல தெரிஞ்சா அதுவும் எபிலெப்சிதான். மூளையோட மின்சார சிக்னலை பதிவு பண்ற ஈஈஜி டெஸ்ட் நார்மல்னு வந்தா நோயே இல்லைன்னு அர்த்தமில்ல, டெஸ்ட் எடுக்கற நேரத்துல மூளை அமைதியா இருந்திருக்கலாம். பக்கத்துல இருக்கறவங்க ஃபோன்ல வீடியோ எடுத்து காட்டினா டாக்டருக்கு அது பெரிய உதவி.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். எந்த வகை ஃபிட்ஸுங்கறத பொறுத்துதான் மருந்து. கார்பமசெபைன் சிலருக்கு அருமையா கேக்கும், அதே மருந்து வேற சில வகைய அதிகமாக்கிடும், அதனால தெரிஞ்சவங்களுக்கு கேட்டுச்சுன்னு அவங்க மாத்திரைய வாங்கிப் போடவே கூடாது. லெவெடிராசிட்டம் போட்டா சிலருக்கு கோவம், எரிச்சல், மனசு சோர்வு வரும், வீட்டுல இருக்கறவங்க அதை குணம்னு நினைச்சு சண்டை போடுவாங்க, டாக்டர்கிட்ட சொன்னா மாத்தி குடுப்பாரு. லாமோட்ரிஜின் டோஸை வாரக்கணக்குல மெதுவாத்தான் ஏத்துவாங்க, அந்த சமயத்துல உடம்புல தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தா அன்னைக்கே டாக்டர பார்க்கணும். வால்ப்ரோயேட் கர்ப்பத்துல குழந்தைய பாதிக்கும், அதனால குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கறவங்க கர்ப்பமாகறதுக்கு முன்னாடியே இதைப் பேசிடணும், கர்ப்பம்னு தெரிஞ்சதும் பயந்து தானா நிறுத்தறது அதைவிட ஆபத்து. சில மருந்துங்க கர்ப்பத்தடை மாத்திரையோட பலனையும் குறைச்சிடும், கேட்டுக்கோங்க.

தினமும் ஒரே நேரத்துல போடறது ஏன் முக்கியம்னா, ரத்தத்துல மருந்தோட அளவு இறங்கினா அந்த இடைவெளியில ஃபிட்ஸ் நுழைஞ்சிடும். வாரத்துக்கு ஏழு கட்டம், காலை ராத்திரி தனித்தனியா இருக்கற டப்பா வாங்கிடுங்க, ஃபோன்ல அலாரம் வைங்க. அலாரம் மட்டும் போதாது, ஆஃப் பண்ணிட்டு "போட்டேனா இல்லையா"ன்னு முழிப்போம், டப்பாவத் திறந்து கட்டம் காலியா இருக்கறத பார்த்தாதான் நிம்மதி. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்தது வாங்கிடுங்க. மாத்திரை பேருக்குப் பக்கத்துல சிஆர், ஈஆர்னு இருந்தா அது மருந்தை மெதுவா வெளிவிடற வகை, அதைப் பொடி பண்ணவோ மெல்லவோ கூடாது. கடையில வேற பிராண்ட் குடுத்தா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க.

ஒரு வேளை மறந்துட்டா, ஞாபகம் வந்த உடனே போட்டுடுங்க. அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா விட்டதை விட்டுட்டு அதை மட்டும் போடுங்க, ரெண்டையும் சேர்த்து போடக் கூடாது. பல வேளை விட்டுப் போச்சு, இல்ல வாந்தி பேதியில மாத்திரை வயித்துல தங்கலைன்னா டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க.

தூக்கம் கெடறது, குடி, காய்ச்சல் இதெல்லாம் மருந்து போட்டுட்டு இருந்தாலும் ஃபிட்ஸ கிளப்பிவிடும். ட்ரமடால் மாதிரி வலி மருந்து, சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சில ஆன்டிபயாடிக் கூட கிளப்பும், அதனால எந்த டாக்டர்கிட்ட போனாலும் "எனக்கு ஃபிட்ஸ் மாத்திரை ஓடுது"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. வண்டி ஓட்டறது, தனியா நீச்சல் இதெல்லாம் டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வேணாம், குளிக்கும்போது கதவை தாழ் போடாதீங்க.

ஃபிட்ஸ் வந்துட்டா பக்கத்துல இருக்கறவங்க கையப் புடிச்சு அமுக்காம, தலைக்கு கீழ மெத்துன்னு எதையாவது வச்சு, ஒரு பக்கமா சாய்ச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தப் பாருங்க. வாயில ஸ்பூனோ துணியோ தண்ணியோ எதுவுமே வைக்காதீங்க, பல்லு உடையும், மூச்சு அடைக்கும். 5 நிமிஷத்துக்கு மேல போனாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ்தான். மூக்குல அடிக்கற மிடாசோலம் ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருந்தா டாக்டர் சொல்லிக் குடுத்தபடி அடிங்க.

மாத்திரைய நிறுத்தற பேச்சு, பொதுவா ஃபிட்ஸே இல்லாம குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆனப்புறம்தான், அதுவும் எல்லாருக்கும் இல்ல, நிறுத்தும்போதும் டாக்டர் சொல்ற மாதிரி மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா. திடீர்னு நிறுத்தினா நிக்காத ஃபிட்ஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சரியா வைத்தியம் பார்த்தா 70 சதவீதம் பேர் வரைக்கும் ஃபிட்ஸ் இல்லாம இருக்க முடியும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பொருத்தமான ரெண்டு மருந்து சரியா போட்டும் நிக்கலைன்னா, மூணாவது நாலாவதுன்னு மாத்திட்டே வருஷத்த ஓட்டாம, எபிலெப்சி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்க, ஆபரேஷனால நல்லா ஆகக்கூடியவங்க அதுல இருக்காங்க.