கடலோர வீட்டில் பழைய நவீன ஓவியப் புத்தகம்: ஒட்டாமல், பூக்காமல் காப்பாற்றும் முறை

பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் நவீன ஓவிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சானவை. மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் அவற்றைக் கெடுக்க ஐப்பசி, கார்த்திகை போதும். மழை ஈரத்தோடு உப்பும் சேர்கிறது. காற்றில் வந்து அட்டையில் படியும் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கசியும். வாங்கி வந்ததும் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் அட்டையையும் தாள் விளிம்புகளையும் தட்டிவிடுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

படங்களைச் சரிபாருங்கள்

படப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1950களில் வந்த பல கலை நூல்களில் வண்ணப் படங்களைத் தனியே அச்சடித்து, மேல் விளிம்பில் மட்டும் பசை தொட்டு ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்தால் உதிரும்.

பதிப்பு விவரப் பக்கம் கிழிந்துபோயிருந்தாலும் வயதைக் கண்டுபிடிக்கலாம். பிக்காசோவுக்கு 1881 என்ற பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால், எழுதியது 1973க்கு முன். அவருடைய 'கெர்னிகா' ஓவியம் நியூயார்க்கில் இருப்பதாகச் சொன்னால் 1981க்கு முன். அந்த ஆண்டுதான் அது ஸ்பெயினுக்குப் போனது.

பூஞ்சை

தொட்டால் இழுபட்டு அப்பினால் பூஞ்சை இன்னும் உயிரோடு இருக்கிறது. நிழலில், காற்றோட்டத்தில் காயவிடுங்கள். பொடியாக உதிரும் நிலைக்கு வந்தபின், வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசம் போட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கித் தட்டுங்கள்.

நனைந்த பக்கங்கள்: இங்கேதான் புத்தகம் போகிறது

ஆர்ட் பேப்பரின் பளபளப்பு, வெள்ளைக் களிமண்ணையும் கால்சியம் கார்பனேட்டையும் பசையில் குழைத்துப் பூசிய பூச்சு. நனைந்தால் இளகும், மூடியபடி காய்ந்தால் எதிர்ப்பக்கத்தோடு ஒன்றாகிவிடும். நனைந்த புத்தகத்தை மூடி வெயிலில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அதுவே அதைக் கொல்கிறது. ஈரமாக இருக்கும்போதே, ஆறு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு தாளுக்கும் இடையில் கேக் சுடும்போது போடும் ஒட்டாத பேக்கிங் பேப்பரை வையுங்கள். செய்தித்தாள் கூடாது, அதுவே ஒட்டிக்கொள்ளும், மையும் ஏறும். ஃபேன் காற்று அறையில் சுற்றட்டும், நேராகப் புத்தகத்தில் அடிக்க வேண்டாம். காய்ந்தபின் இரண்டு பலகைகளுக்கு நடுவே பாரம் வையுங்கள்.

உடனே உட்கார முடியாதா? ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த தாள் ஒட்டாது, நேரம் கிடைக்கும்.

ஏற்கெனவே ஒட்டிக் காய்ந்ததை ஆவி காட்டிப் பிரிக்க முயன்றால் படமே உரிந்து வரும். ஓரம் மட்டும் ஒட்டியிருந்தால் ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) விரல் அகலத் துண்டு வெட்டி, தளர்ந்த பக்கத்திலிருந்து நுழைத்து, தாளுக்கு இணையாக மெல்ல நகர்த்துங்கள். சரசரவென்று கிழியும் ஓசை கேட்ட இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திறக்காது.

உதிர்ந்த படத்தை ஒட்ட

மீதைல் செல்லுலோஸ் பசைதான் (தண்ணீரில் கரைக்கும் தூள்) சிறந்தது. மைதாப் பசையும் பிடிக்கும், ஆனால் வெள்ளிப்பூச்சியை அழைக்கும். ஃபெவிகால் காய்ந்தபின் சேதமில்லாமல் எடுப்பது கடினம். செல்லோடேப் மஞ்சளாகிக் கறை விடும். பழைய பசைத் தடம் இருக்கும் மேல் விளிம்பில் 3 மில்லிமீட்டர் அகலம் மட்டும் தடவுங்கள். முழுப் பின்பக்கமும் தடவினால் படம் சுருங்கி அலையடிக்கும்.

பெட்டி

தகரப் பெட்டி துருப்பிடிக்கும். ரப்பர் விளிம்பு வைத்த 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 200 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். மானி 50 முதல் 55 சதவீதம் காட்ட வேண்டும். 40க்குக் கீழே போனால் அட்டை வளையும். கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு நச்சு உண்டு, ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள். அது பச்சையானால் 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியபின் மறுபடி போடலாம். கனமான நூலை நிறுத்தி வைத்தால் தாள்கட்டு அட்டையிலிருந்து கழன்று தொங்கும், படுக்க வையுங்கள்.

பின்குறிப்பு: ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் பூச்சு வெடிக்கும். அந்துருண்டையும் வேண்டாம், மூடிய பெட்டியில் அதன் புகை தங்கி, திறக்கும்போது மூச்சில் ஏறும். பூச்சி இருக்கிறதா என்று பார்க்க, புதிதாக வந்த புத்தகத்தை இரண்டு வாரம் வெள்ளைத்தாள் மேல் தனியாக வையுங்கள். அடியில் பொடி உதிர்ந்திருந்தால் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காதீர்கள்.