நிலத் தரகுக்குப் புதியவரா? இந்தத் தவறுகளில் சிக்காதீர்கள்

ஒரு போன், ஒரு பைக், நாலைந்து வாட்ஸ்அப் குரூப் இருந்தால் போதும், ரியல் எஸ்டேட் தொழிலில் இறங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்குவது எளிதுதான். நிலைத்து நிற்பதுதான் கடினம். வாங்க ஆள் கிடைக்காததால் புதியவர்கள் தோற்பது குறைவு. கிடைத்த ஆளை அரைகுறைப் பத்திரத்தோடு சைட்டுக்குக் கூட்டிப்போய், பேச்சு முடியும் நேரத்தில் வில்லங்கம் வெளியே வந்து, பெயர் கெட்டுப்போய் ஒதுங்குவதே அதிகம்.

இடம் ஒன்று கைக்கு வந்ததும் புதியவர் கேட்கும் முதல் கேள்வி, ‘சென்ட் என்ன விலை?’ தொழில் தெரிந்தவர் முதலில் கேட்பது, ‘யார் யார் கையெழுத்துப் போடணும்?’ தமிழ்நாட்டில் நிலத் தரகைத் தொழிலாக எடுப்பவர்கள் இந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

உரிமையாளரைப் பார்க்காமல் இடத்தைப் பரப்புவது

குரூப்பில் வரும் இடத்தைப் பெயரை மட்டும் மாற்றி அடுத்த குரூப்புக்கு அனுப்புவது பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அந்தச் செய்திக்கும் உரிமையாளருக்கும் நடுவில் மூன்று, நான்கு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் விலையில் கொஞ்சம் ஏற்றியிருப்பார்கள். இடம் போன மாதமே விற்றுப்போயிருக்கவும் கூடும். உரிமையாளரையோ அவர் நேரடியாகப் பொறுப்புக் கொடுத்தவரையோ பார்த்துப் பேசாத இடத்தை வெளியே சொல்லாதீர்கள். கையில் ஐந்து இடம்தான் இருக்கிறதென்றாலும், ஐந்தும் நீங்கள் நேரில் பார்த்த இடமாக, பத்திர நகல் உங்களிடம் உள்ள இடமாக இருக்கட்டும்.

கேட்க வேண்டிய நகல்கள் இவை: தற்போதைய கிரயப் பத்திரம், மூலப்பத்திரம் (சொத்து முன்பு கை மாறிய பழைய பத்திரம்), பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று (சுருக்கமாக ஈ.சி., சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்). மனையாக இருந்தால் லேஅவுட் வரைபடம். கட்டடம் இருந்தால் பிளான் அனுமதி, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. ‘பார்ட்டி வரட்டும், அப்புறம் காட்டுறேன்’ என்று உரிமையாளர் சொன்னால், அந்த இடத்தைப் பட்டியலில் கடைசியில் வையுங்கள்.

பட்டாவைப் பார்த்ததும் நம்பிவிடுவது

பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். யார் பெயரில் நிலம் கணக்கில் இருக்கிறது என்பதைச் சொல்லும். உரிமை எப்படி வந்தது என்பதற்குப் பத்திரம்தான் சாட்சி. தாத்தா பெயரில் இருந்த பட்டாவை மூத்த மகன் மட்டும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருப்பது எந்த ஊரிலும் நடப்பது. பட்டாவில் அவர் பெயர் மட்டும் இருக்கும். நிலத்தில் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் பங்கு இருக்கும்.

இந்தப் பங்குக் கணக்கில்தான் பேரங்கள் அதிகம் உடைகின்றன. இந்துக் குடும்பத்தில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் போகும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமையைத் தமிழ்நாடு 1989-லும் மத்திய அரசு 2005-லும் சட்டமாக்கின. 2005 திருத்தத்தின்படி மகள் உரிமை கோர, அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, அவளுக்குப் பங்கில்லை’ என்று அண்ணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் பார்ட்டியிடம் போனால், கிரயத்துக்கு முந்தைய நாள் வக்கீல் நோட்டீஸ் வரும்.

இதில் பலர் தவறவிடும் நபர் ஒருவர் உண்டு. இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்தால், அவரும் முதல் நிலை வாரிசுதான். பிறகு அந்தத் தாயும் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது விற்பவரின் சித்தப்பா, அத்தை வரைக்கும் கையெழுத்து தேவைப்படலாம். அதனால் வாரிசுச் சான்றிதழைக் கையில் வாங்கியதும் அதில் உள்ள பெயர்களை வைத்து ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் உயிரோடு இருக்கிறாரா, எந்த ஊரில் இருக்கிறார், விற்கச் சம்மதமா, மைனரா என்று எழுதுங்கள். மைனரின் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படுமா என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்கு முறை வேறு. நீங்களே கணக்குப் போடாதீர்கள்.

ஈ.சி.யைத் தவறாகத் தேடுவது

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் எவரும் பார்க்கலாம். புதியவர் விற்பவர் சொன்ன சர்வே எண்ணைப் போட்டு, பத்து வருடத்துக்குத் தேடி, ‘ஈ.சி. சுத்தமா இருக்கு’ என்று சொல்லிவிடுவார். இதில் இரண்டு ஓட்டைகள்.

ஒன்று, காலம். குறைந்தது முப்பது வருடம் பார்க்க வேண்டும். பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. அதற்கு முந்தையது வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

இரண்டாவது, எண். இன்றைக்கு 112/2ஏ என்று இருக்கும் நிலம், முன்பு 112/2 ஆக இருந்திருக்கும். அதற்கும் முன்னால் வெறும் 112. புதிய உட்பிரிவு எண்ணில் மட்டும் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானமோ கிரயமோ கண்ணில் படாது. நகரப் பகுதியில் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று முழுவதுமே மாறியிருக்கும். மூலப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதியிருக்கும் எண்களை எல்லாம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

ஈ.சி.யில் வராதவையும் உண்டு: பதிவு செய்யாத உயில், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, வங்கியில் பதிவின்றி ஒப்படைத்த அசல் பத்திரம். அதனால் அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, கண்ணால் பாருங்கள். ‘லாக்கர்ல இருக்கு’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

விற்பவர் பவர் ஏஜென்ட், அதாவது உரிமையாளர் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து அவருக்காக விற்பவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் செல்லாது. ரத்து செய்யப்பட்டிருக்கவும் கூடும். பவர் கொடுத்தவரிடம் நேரில் அல்லது வீடியோ காலிலாவது பேசாமல் பார்ட்டியைக் கூட்டி வராதீர்கள். பவர் பத்திரத்தை வைத்தே ‘கிரயம் முடிஞ்ச மாதிரிதான்’ என்று விற்கும் முறையைச் சூரஜ் லாம்ப் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது.

அளவில் கோட்டை விடுவது

சென்னையில் கிரவுண்ட், கோவையிலும் மதுரையிலும் சென்ட், டெல்டாவில் மா, குழி. பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தெரியாவிட்டால் பேரத்தில் வாய் திறக்க முடியாது. 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி. 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 சென்ட். 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. குழிக்கு 144 சதுர அடி, 100 குழி 1 மா என்பது பரவலான கணக்கு. ஆனாலும் ஊருக்கு ஊர் மாறும், உள்ளூரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். விற்பவர் ‘பன்னிரண்டு சென்ட்’ என்கிறார். பட்டாவில் 0 ஹெக்டேர் 4.50 ஏர் என்றிருக்கிறது. 450 சதுர மீட்டர், 4,844 சதுர அடி, 11.12 சென்ட். குறைவது 0.88 சென்ட். சென்ட் 8 லட்சம் ரூபாய் என்றால் வித்தியாசம் 7 லட்சத்துக்கு மேல். இதை நீங்கள் முதலில் கண்டுபிடித்துச் சொன்னால் வாங்குபவர் வாழ்நாள் முழுக்க உங்களை மறக்க மாட்டார். அவர் கண்டுபிடித்தால் அடுத்த இடத்துக்கு உங்களை அழைக்க மாட்டார்.

பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஃப்.எம்.பி.யில் உள்ள மீட்டர் அளவை வைத்து, கல் இருக்கும் இடங்களை டேப் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் சர்வேயரை வைத்து அளந்த பிறகே விலை பேசச் சொல்லுங்கள்.

பாதையும் இதே ரகம்தான். ‘அந்தக் காலத்திலிருந்தே இந்த வழியாத்தான் போறோம்’ என்பார்கள். அது வரைபடத்தில் வண்டிப்பாதையாக இருக்கிறதா, பத்திரத்தில் பாதை உரிமை எழுதியிருக்கிறதா, இல்லை பக்கத்து நிலத்துக்காரர் பெருந்தன்மையாக விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பார்ட்டி இல்லாமல் ஒருமுறை தனியாகப் போய், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பத்து நிமிடம் பேசினால் பாதிச் செய்தி வந்துவிடும். மழையில் தண்ணீர் நிற்குமா, யார் உழுகிறார்கள், குத்தகைக்காரர் இருக்கிறாரா, பங்காளித் தகராறு உண்டா, எல்லாம் அங்கேயே தெரியும்.

அனுமதி இல்லாத மனையைத் தொடுவது

‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற சொல்லைக் கேட்டதும் எச்சரிக்கையாகுங்கள். லேஅவுட்டுக்குத் திட்ட அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.), சென்னைப் பெருநகரில் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.). அனுமதி பெறாமல் மனையாகப் பிரித்த நிலத்தின் பதிவுக்கு 2016 முதல் தடை இருக்கிறது. 20-10-2016-க்கு முன் மனையாகப் பதிவானவற்றுக்கும், அரசு பின்னர் வரன்முறைப்படுத்தி அங்கீகரித்தவற்றுக்கும் விலக்கு உண்டு. எனவே அந்தத் தேதிக்கு முன் அதே மனைக்குக் கிரயம் ஆகியிருக்கிறதா, வரன்முறை உத்தரவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அனுமதி எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அங்கீகரித்த வரைபடத்தில் நீங்கள் விற்கும் மனை எண்ணைத் தேடுங்கள். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மனையாக்கி விற்பது நடக்கிறது. கோயில் நிலம், வக்ஃப் நிலம், பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), பூதான நிலம் (பூதான இயக்கத்தில் தானமாக வந்தது), நீர்நிலைப் புறம்போக்கு இவற்றைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கிறது.

ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். அத்தகைய திட்டத்தின் மனையையோ ஃபிளாட்டையோ விற்க உதவும் ஏஜென்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம். புரமோட்டர் சொல்லும் எண்ணை ரெரா தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்த பிறகு விளம்பரம் செய்யுங்கள்.

பணத்தில் தடுமாறுவது

‘மேலே வைத்து’ விற்காதீர்கள். உரிமையாளர் 40 லட்சம் கேட்க, 43 சொல்லி மூன்றை எடுத்துக்கொள்வது புதியவருக்கு ஆசை காட்டும். பத்திர ஆபீஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது அது வெளியே வந்துவிடும். கமிஷன் எவ்வளவு, இரு பக்கமுமா ஒரு பக்கமா, எந்த நாளில், கூட வந்த புரோக்கருக்கு எவ்வளவு என்பதை சைட் காட்டும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். கிரயம் முடிந்த பிறகு பேசினால் பாதிகூடக் கிடைக்காது.

டோக்கன் அட்வான்ஸ் உங்கள் கைக்கு வரக்கூடாது. வாங்குபவர் கணக்கிலிருந்து விற்பவர் கணக்குக்கு நேராகப் போகட்டும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் அபராதத்துக்குரியது. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். வெள்ளைத் தாளில் எழுதி முடித்துவிடலாம் என்று நீங்கள் யோசனை சொல்லாதீர்கள்.

பதிவுச் செலவை முதல் நாளே சொல்லுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம் ஆகிறது. புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேறு. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். வரியாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதம் மிக அதிகம், ஆடிட்டரிடம் அனுப்புங்கள்.

முதல் கிரயம் முடியவே ஆறு மாதம் ஆகலாம். அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி வைத்துக்கொண்டு இறங்குங்கள். கை வறண்டவர்தான் தெரிந்தே மோசமான இடத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

கமிஷன் வாங்கியதும் காணாமல் போவது

பதிவுக்கு முன் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் பத்திரத்தில் உள்ளபடி இருக்கிறதா, சாட்சிகள் இருவர் அடையாள அட்டையோடு வருகிறார்களா என்று முந்தைய நாளே பாருங்கள். பதிவுக்குப் பிறகு பட்டா மாற வேண்டும். முழு சர்வே எண்ணும் கை மாறினால் எளிது. ஒரு பகுதி மட்டும் விற்றிருந்தால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அந்த நாளில் வாங்கியவர் வெளியூரில் இருப்பார், எல்லைக்கல் எங்கே என்று காட்ட ஆள் இருக்காது. நீங்கள் போய் நில்லுங்கள்.