டிஸ்சார்ஜ் சம்மரியில் தப்பைக் கண்டுபிடிப்பது, திருத்த வைப்பது எப்படி?

போன வருடம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் டிஸ்சார்ஜ் சம்மரியை, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி தரும் சிகிச்சைச் சுருக்கத்தை, உட்கார்ந்து படித்தேன். ‘மருந்து அலர்ஜி: இல்லை’ என்று இருந்தது. அம்மாவுக்கு சல்ஃபா மாத்திரை ஆகவே ஆகாது. ஒரு தடவை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப்போன கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். “நான் சிஸ்டர்கிட்ட சொன்னேனேடா” என்றார். சொல்லியிருக்கிறார், காகிதத்தில் ஏறவில்லை.

இதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

படி 1: சம்மரியை முன்கூட்டியே கேளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் “டிராஃப்ட் காட்டுங்க சிஸ்டர்” என்று கேட்டுவிடுங்கள். கேஷ்லெஸ் (இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவது) என்றால் அந்த டிராஃப்ட் இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்குப் போவதற்கு முன் பார்த்துவிடுவது உத்தமம். பில் கட்டி, ஆட்டோ வாசலில் நிற்கும்போது யாரும் படிக்கப்போவதில்லை.

படி 2: நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெயர், வயது, இடதா வலதா, முன்பு நடந்த ஆபரேஷன்கள் எல்லாவற்றையும். நான் தனியாகப் படித்தபோது கண்ணில் படாதது, அம்மா காதில் விழுந்ததும் மாட்டியது. அமெரிக்காவில் தங்கள் மருத்துவக் குறிப்புகளைப் படிக்க முடிந்த 22,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2020இல் வெளியான ஆய்வில், படித்தவர்களில் ஐந்தில் ஒருவர் தப்பு இருந்தது என்றார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் அது பெரிய தப்பு என்றார்கள். படிக்கக் கொடுத்தால் கண்டுபிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 3: சுருக்கெழுத்து. நான் குப்புற விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ‘கே/சி/ஓ’ (K/C/O, known case of) என்று இருந்தால் அதற்குப் பின்னால் வரும் நோய் ஏற்கனவே உண்டு என்று பொருள். முன்னால் ஒரு ‘என்’ சேர்ந்து ‘என்/கே/சி/ஓ’ ஆனால் இல்லை என்று பொருள். ஒரே எழுத்தில் சர்க்கரை வியாதி வரும், போகும். அம்மாவின் சம்மரியில் ‘கே/சி/ஓ எஸ்ஹெச்டிஎன்’ என்று இருந்ததை ஏதோ டெஸ்ட் பெயர் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அது பிரஷர் (SHTN, உயர் ரத்த அழுத்தம்). அம்மாவுக்குப் பிரஷரே கிடையாது! புரியாத ஒவ்வொரு சுருக்கத்தையும் பென்சிலால் வட்டமிட்டு டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு இருந்தால் ஹைப்போவா (குறைவா) ஹைப்பரா (அதிகமா) என்று இரண்டு தடவை பாருங்கள். ‘எத்தனை வருடமாக’ என்ற எண்ணையும் விடாதீர்கள். 1 வருடம் 10 ஆனால், பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று கிளெய்மில் சிக்கல் வரும்.

படி 4: மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் பரப்பி, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிராண்ட் பெயரை விடுங்கள், அட்டையில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள். வீட்டில் பழைய பிராண்டும் கையில் புது பிராண்டும் ஒரே மருந்தாக இருந்து, இரண்டையும் விழுங்குபவர்கள் உண்டு. முன்பு சாப்பிட்டுவந்த மாத்திரை பட்டியலில் இல்லையென்றால், நிறுத்தினார்களா மறந்தார்களா என்று கேட்டே ஆக வேண்டும். 1-0-1 என்பது காலை, இரவு. இது தெரிந்ததுதான்.

படி 5: திருத்தம். நான் போய்ச் சொன்னதும் ஒரு இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தார். சந்தோஷமாக வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஓபிக்குப் போனால், கம்ப்யூட்டரிலிருந்து அதே பழைய ‘அலர்ஜி: இல்லை’. திருந்தியது என் கையிலிருந்த தாள் மட்டும்தான். அதனால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: நோயாளி எண், தப்பான வரி, சரியான வரி, ஆதாரமாகப் பழைய சீட்டின் நகல். உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். புதிதாக அச்சடித்த சம்மரியைக் கண்ணால் பார்க்காமல் நகராதீர்கள்.

கருவிகள்? எனக்கு ஆப்களில் நம்பிக்கை இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஃபைல், பென்சில், வாட்ஸ்ஆப்பில் பிடிஎஃப் ஒன்று போதும். பிடிஎஃப் என்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம். 14 இலக்க ஆபா (ABHA, அரசின் டிஜிட்டல் மருத்துவக் கணக்கு) எண்ணோடு இணைப்பது நல்லதுதான், ஆனால் திருத்திய பிறகு இணையுங்கள்.

பின்சேர்க்கை: “கேஸ் ஷீட்டைக் காட்டவே மாட்டேன் என்கிறார்கள்” என்று கருத்தில் ஒருவர் எழுதியிருந்தார். கேஸ் ஷீட் என்பது ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எழுதிவைக்கும் முழுக் குறிப்பு. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான், தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று: பழைய பதிவை அழிக்கச் சொல்லாதீர்கள், அழிக்கவும் மாட்டார்கள். தேதி, கையெழுத்தோடு திருத்தக் குறிப்பு சேர்த்தால் போதும். அப்புறம், “அப்பா குடிப்பார் என்று எழுதியிருக்கிறார்கள், எடுக்க வைப்பது எப்படி?” என்று கேட்ட தம்பிக்கு: அவர் குடிப்பவர் என்றால் அது தப்பே இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு அந்த வரி தேவை, விட்டுவிடுங்கள்.