இன்டர்ன்ஷிப்பிலிருந்து பின்னோக்கி: கொழும்பில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள் தொழிலைத் திட்டமிடுவது எப்படி?

கொழும்பில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பலருக்கு முதல் வேலை இன்டர்ன்ஷிப் செய்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதனால் திட்டத்தை இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் திகதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ரீட் அவென்யூ யூ.சி.எஸ்.சி (கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி), மொரட்டுவைப் பல்கலைக்கழகம், மாலபே ஸ்லிட், வெள்ளவத்தை ஐ.ஐ.டி (இவை இரண்டும் தனியார் கல்வி நிறுவனங்கள்) என்று ஒவ்வொரு இடத்திலும் பயிற்சிக் காலம் வேறுபடும். உங்கள் கையேட்டில் அது எந்த செமஸ்டர் என்று பாருங்கள். சீனியர்களிடம் நிறுவனங்கள் எந்த மாதம் ஆள் எடுக்கத் தொடங்கின என்று கேளுங்கள். அந்த மாதத்துக்கு ஆறு மாதம் முன்பே உங்களிடம் மூன்று விஷயங்கள் தயாராக இருக்க வேண்டும்: முடித்து இயங்கவிட்ட ஒரு புரொஜெக்ட், ஒரு பக்க சி.வி, நீங்கள் எழுதிய நிரலை (கோட்) பற்றி ஆங்கிலத்தில் இருபது நிமிடம் பேசும் பழக்கம்.

முதலாம் வருடத்தில் பெரிதாக எதையும் தேடி ஓட வேண்டாம். புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், கணிதம் மூன்றையும் ஒழுங்காகப் படித்தால் போதும். ஜி.பி.ஏ.யை (பாடங்களின் சராசரிப் புள்ளி) மட்டும் ஆரம்பத்தில் விட்டுவிடாதீர்கள். சில நிறுவனங்கள் விண்ணப்பங்களை முதலில் வடிகட்டுவதே அதை வைத்துத்தான். தவறிய பாடத்தை ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ‘சி’ தரத்துக்கு மேல் தராத விதி பல இடங்களில் உண்டு.

இரண்டாம் வருட விடுமுறையில் துறையைத் தேர்ந்தெடுங்கள். யோசித்துத் தேர்ந்தெடுப்பதைவிடச் செய்து பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி. மூன்று சிறு வேலைகளுக்கு இரண்டு வாரம் வீதம் ஒதுக்குங்கள். முதலாவது, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு ஒரு ஏ.பி.ஐ (மற்ற செயலிகள் தரவு கேட்டு வாங்கும் வாசல்). இரண்டாவது, பிழைகள் நிறைந்த ஒரு தரவுத்தொகுப்பைச் சுத்தம் செய்து, அதிலிருந்து கேள்விகளுக்கு விடை எடுப்பது. மூன்றாவது, அந்த ஏ.பி.ஐ.யை டொக்கரில் (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக்கும் கருவி) போட்டு ஒரு லினக்ஸ் சேர்வரில் ஏற்றுவது. எது பழுதானபோது இரவு உட்கார்ந்து திருத்த மனம் வந்ததோ, அதுதான் உங்கள் துறை.

கொழும்புச் சந்தையையும் கணக்கில் எடுங்கள். இங்கு பெரும்பங்கு வேலை நிறுவனங்களுக்கான மென்பொருளில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனங்களின் கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் மென்பொருளைச் செய்கிறது. 2009இல் லண்டன் பங்குச் சந்தை வாங்கிய மிலேனியம் ஐ.டி பங்குச் சந்தைகளுக்கான மென்பொருளில் வளர்ந்தது. இத்தகைய இடங்களில் ஜாவா, டேட்டாபேஸ், ஒப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் அடிப்படைகளுக்குத்தான் மதிப்பு. ஏ.ஐ.யில் (செயற்கை நுண்ணறிவு) ஆசையுள்ளவர்கள் பேக்எண்ட் (சேர்வர் பக்க நிரல்), தரவுப் பொறியியல் இரண்டையும் பலமாகப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நகர்வது பாதுகாப்பு. கியூ.ஏ.யில் (மென்பொருளைச் சோதிக்கும் வேலை) நுழைவதும் நல்ல வழிதான். ஆனால் பிறகு டெவலப்பராக மாற விரும்பினால் முதல் நாளிலிருந்தே ஓட்டோமேஷன் டெஸ்ட் (தானாக ஓடும் சோதனை நிரல்) எழுதுங்கள்.

இனி புரொஜெக்ட். யூடியூப் பார்த்துச் செய்த டூ-டூ லிஸ்ட் நூறு சி.வி.களில் இருக்கும். நமக்குத் தெரிந்த, பிறருக்குத் தெரியாத பிரச்சினையை எடுப்பதுதான் நமக்கு வாய்ப்பு. உதாரணமாக, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சான ஆவணங்களை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றும் இணையச் செயலி. பார்க்க எளிது, உள்ளே போனால் ஆழம். பாமினியில் ‘கொ’ மூன்று துண்டுகள்: கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால். யுனிகோடில் முதலில் க, பின்னால் ஒரே குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே நீளமான கூட்டுகளை முதலில் மாற்றி, தனியெழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து, பைத்தன் மொழியில் நீளம் கேட்டால் 5 வரும், யுனிகோடைச் சேமிக்கும் முறையான யு.டி.எஃப்-8இல் அது 15 பைட். ஏன் என்று விளக்கத் தெரிந்தவரை நேர்முகப் பரீட்சையில் யாரும் லேசாக எடைபோட மாட்டார்கள்.

இதற்கு எட்டு வாரம் வையுங்கள்: திட்டத்துக்கு ஒன்று, எழுத நான்கு, டெஸ்டுக்கு ஒன்று, சேர்வரில் ஏற்ற ஒன்று, ரீட்மீக்கு (செயலியை விளக்கும் குறிப்பு) ஒன்று. பிறகு ஒரு அச்சகத்துக்கோ ஆசிரியருக்கோ கொடுத்துப் பாவிக்கச் சொல்லுங்கள். அவர்கள் காட்டும் பிழைகள்தான் உங்கள் புரொஜெக்டை வீட்டுப்பாடத்திலிருந்து பிரிக்கும்.

கெடுவது பெரும்பாலும் இந்த இடங்களில்: எழுதிய நிரல் முழுவதையும் கடைசி நாளில் ஒரே கமிட்டாக (மாற்றங்களின் ஒரு பதிவு) ஏற்றுவது, பார்ப்பவருக்குச் சந்தேகம் தரும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) ஏற்றிவிட்டுப் பிறகு அழிப்பது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும். குழு புரொஜெக்டில் தன் பங்கு எது என்று சொல்லத் தெரியாமை. ஏ.ஐ எழுதிய நிரலில் “இந்த வரியை மாற்றிக் காட்டுங்கள்” என்றதும் உறைந்துபோவது.

சி.வி ஒரு பக்கம், ஆங்கிலத்தில், பி.டி.எஃப் ஆக. “பைத்தன், ஜாவா, கிளவுட், ஏ.ஐ தெரியும்” என்ற வரி எதையும் சொல்வதில்லை. “பாமினி ஆவணங்களை யுனிகோடாக்கும் செயலி, பைத்தன், போஸ்ட்கிரெஸ், ஓர் அச்சகம் பாவிக்கிறது” என்ற பொருளில் எழுதுங்கள், பக்கத்தில் லிங்க். உயர்தரப் பாடங்களின் பட்டியல், தேசிய அடையாள அட்டை இலக்கம், பெற்றோர் விபரம் எதுவும் வேண்டாம்.

தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்து யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ வந்தவர்களுக்குத் திறமை இருந்தும் வாய் திறப்பதில்தான் தடை. இலக்கணத்துக்குப் பயப்பட வேண்டாம். வாரம் இரண்டு முறை, கூட்டாளி ஒருவரை முன்னால் வைத்து, பேப்பரில் படம் கீறி, ஒரு அல்கோரிதத்தை ஆங்கிலத்தில் விளக்குங்கள். போனில் பதிந்து கேளுங்கள். சொல் தேடி நிற்கும் இடங்களைக் குறித்து, அடுத்த முறை அவற்றை மட்டும் திருத்துங்கள். கொஞ்சம் சிங்களமும் பழகுங்கள். ஒபிஸில் பாதி விஷயம் சாப்பாட்டு மேசையில்தான் பேசப்படும்.

வேலைக் கடிதம் கைக்கு வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) ஊழியர் பங்கு 8 வீதம் உங்களிடமிருந்து கழியும். நிறுவனம் 12 வீதமும், ஈ.டி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் தனியே செலுத்த வேண்டும். ‘மொத்தம்’ என்று எழுதியதில் நிறுவனத்தின் பங்கையும் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பொண்ட் (குறித்த காலம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்) இருந்தால் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். இறுதி வருட ஆய்வு நடக்கும்போதே முழுநேர வேலையை ஏற்பவர்கள், ஆய்வை ஒப்படைக்கும் மாதத்துக்கான லீவை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டில் மேற்படிப்பு எண்ணமிருந்தால் அந்த வழிக்கும் இறுதி வருடத்திலேயே வேலை உண்டு. அமெரிக்கப் பி.எச்.டி விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், வழக்கமாக மூன்று சிபாரிசுக் கடிதங்கள் தேவை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். (ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை) பெறுபேறு இரண்டு வருடம்தான் ஏற்கப்படும் என்பதால் மிக முந்தி எழுதாதீர்கள். சிபாரிசுக் கடிதங்களை விரிவுரையாளர்களிடம் செப்டம்பரிலேயே கேளுங்கள். கேட்கும் மின்னஞ்சலோடு சி.வி, பெறுபேறுகள், அவருடைய பாடத்தில் நீங்கள் செய்த வேலை பற்றி ஐந்து வரி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இறுதித் திகதி ஆகியவற்றை இணைத்து அனுப்புங்கள்.