மஸ்டாங் காரில் பின் லோயர் ஆர்ம் மாற்றுவது எப்படி?

2005 முதல் 2014 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங்கில் பின்பக்கம் ஒரே ஆக்சில் கூடுதான், அதாவது இரு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே உறை. அதை வண்டியின் பாடியோடு கீழே இரண்டு லோயர் ஆர்ம் (கைபோன்ற இணைப்புகள்), மேலே நடுவில் ஓர் அப்பர் ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் குறுக்கே ஒரு பேன்ஹார்டு ராடு பிடித்திருக்கின்றன. 2015 மாடலில் இந்த அமைப்பே மாறிவிட்டது. இந்த முறை அதற்கு ஆகாது.

கம்பெனி ஆர்ம் மடித்த தகடு, அதன் முனைகளில் போல்ட் நுழையும் புஷ் மெத்தென்ற ரப்பர். கிளட்சைச் சட்டென்று விட்டால் இரண்டும் நெளிந்து கொடுக்கும், பின்சக்கரங்கள் தடதடவென்று குதிக்கும். அதற்காகத்தான் கெட்டியான ஆர்ம். ஆனால் இரண்டு முனையிலும் கெட்டி பாலியூரித்தேன் புஷ் உள்ளதை வாங்காதீர்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆர்ம் முறுக வேண்டும். இரு முனையும் விறைத்து நின்றால் சஸ்பென்ஷன் இறுகிக்கொள்ளும். ஒரு முனையில் பாலி, மறுமுனையில் எப்பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு இருந்தால் தெருவில் ஓட்டவும் சரி, டிராக்குக்கும் சரி.

போல்ட்களில் முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. அது அந்தரத்தில் இருக்கும்போது அதை நம்பிப் பயனில்லை. பின்பக்கத்தைத் தூக்கி, ஆக்சில் குழாயின் இரு ஓரத்திலும் ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். பாடிக்கு அடியில் தொட்டும் தொடாமலும் இன்னொரு ஜோடி ஸ்டாண்டு நிற்கட்டும். வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இருப்பதால் சஸ்பென்ஷன் ஓடும் உயரத்திலேயே நிற்கும். இந்த மாடலில் ஸ்பிரிங் ஆக்சில் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆர்மைக் கழற்றும்போது தெறித்து வராது. பழைய ஃபாக்ஸ் மஸ்டாங்கில் (1979 முதல் 1993 வரை வந்த மாடல்) ஸ்பிரிங் ஆர்மின் மேலேயே இருக்கும். அங்கே இப்படிக் கழற்றினால் ஆபத்து.

ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்சில் தன் இஷ்டத்துக்குச் சுழன்றுவிடும். பிறகு அரை நாள் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நீளம் மாற்றும் வகை ஆர்ம் என்றால், பழைய ஆர்மின் இரு ஓட்டையிலும் போல்ட்டைச் செருகி, புதியதை அதே போல்ட்களில் மாட்டிப் பாருங்கள். சும்மா வழுக்கி இறங்கினால் நீளம் சரி. இரண்டு ஆர்மும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று நீண்டால் ஆக்சில் கோணலாகி வண்டி பக்கவாட்டில் ஓடும். பாலி புஷ்ஷுக்கு உள்ளும் புறமும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வெறும் புஷ் சில வாரத்தில் கீச்சிடும்.

முன் போல்ட்டை முதலில் செருகுங்கள். பின் ஓட்டை பெரும்பாலும் நேராக வராது, பிறைபோல ஒரு கீற்று வெளிச்சம்தான் தெரியும். சுத்தியல் எடுக்காதீர்கள், மரை போய்விடும். டிஃபரன்ஷியல் மூக்குக்கு (ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரக் கூட்டின் முன்னால் நீட்டிய பகுதி) அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியை மெல்ல ஏற்றுங்கள். மூக்கு ஏறினால் ஆக்சிலின் அடிப்பக்கம் முன்னால் வரும், இறங்கினால் பின்னால் போகும். பிறை மூடும் நொடியில் போல்ட் கையாலேயே உள்ளே போகும். ஆக்சிலைப் பட்டை (ஸ்ட்ராப்) போட்டு இழுத்துச் சரிசெய்வோரும் உண்டு. ஸ்டாண்டு சாயும் என்பதால் அது வேண்டாம்.

இறுதி இறுக்கம் எடை ஆக்சில் மேல் இருக்கும்போதுதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் புஷ் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். லோயர் ஆர்ம் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) 175 நியூட்டன் மீட்டர், அதாவது 129 பவுண்டு-அடி. ஆர்மோடு வேறு போல்ட் வந்திருந்தால் அதன் தாளில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். சக்கர நட்டுக்கு 135 நியூட்டன் மீட்டர்.

150 கிலோமீட்டர் ஓட்டியதும் எல்லாப் போல்ட்டையும் மீண்டும் சரிபாருங்கள். கியர் மாற்றும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால், பெரும்பாலும் லூசான போல்ட்தான். தாழ்த்திய வண்டியில் ஆர்ம் மாற்றியும் சக்கரம் குதித்தால் ஆர்மைக் குறை சொல்ல முடியாது: அதன் பின்முனை முன்முனையைவிட உயர்ந்துவிட்டிருக்கும். ஆக்சில் பக்க ஓட்டையைக் கீழே இறக்கும் பிராக்கெட் போட்டால்தான் அது தீரும்.