லினக்ஸில் ஓடிய டேட் கட்டளை மேக்கில் ஏன் உதைக்கிறது?

ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஃபைல்) எழுதுபவர்கள் பலரும் செய்யும் முதல் தவறு, தேதி நேரம் காட்டும் டேட் (date) கட்டளை எல்லா கணினியிலும் ஒன்றுதான் என்று நம்புவது. பெயர்தான் ஒன்று, உள்ளே இருக்கும் நிரல் வேறு வேறு. பெரும்பாலான லினக்ஸில் இருப்பது க்னூ டேட், மேக்கில் இருப்பது பிஎஸ்டி வழி வந்தது, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் கன்டெய்னரில் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) இருப்பது பிஸிபாக்ஸ். மைனஸ் டி (-d) போட்டு '2 days ago' என்று கொடுத்தால் க்னூ புரிந்துகொள்ளும், மற்ற இரண்டுக்கும் புரியாது. மைனஸ் ஆர் (-r) போட்டு 1700000000 என்று கொடுத்துப் பாருங்கள்: மேக் அதை எபோக் நொடியாக (1970 ஜனவரி 1 முதல் எண்ணும் நொடிக் கணக்கு) எடுத்துக்கொண்டு 2023 நவம்பர் 15 அதிகாலை 3:43 என்று இந்திய நேரம் காட்டும், லினக்ஸோ அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்று சொல்லிவிடும்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழை, சரி, உடனே திருத்திவிடலாம். சத்தமே இல்லாமல் தப்பாகக் கணக்குப் போடுவதுதான் ஆபத்து. 36 மணி நேரத்துக்கு மேல் பழசான பேக்கப் இருந்தால் எச்சரிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன், ஃபைல் பெயரில் தேதி மட்டும்தான் இருக்கும். மார்ச் 4 பேக்கப்பை மார்ச் 5 மாலை 4:30-க்குச் சோதித்தால் லினக்ஸில் 40.5 மணி நேரம் என்று வந்து எச்சரிக்கை அடித்தது, மேக்கில் 24 மணி நேரம்தான் என்று பேசாமல் இருந்துவிட்டது. காரணம் இதுதான்: தேதியை மட்டும் கொடுத்தால் க்னூ நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்ளும், பிஎஸ்டி டேட் இப்போதைய மணி நிமிடத்தை அப்படியே ஒட்டிவிடும். அதனால் நேரத்தையும் பூஜ்ஜியங்களாக எழுதியே கொடுங்கள்.

அப்புறம், 03/04/2025 என்று எழுதவே எழுதாதீர்கள். நமக்கு அது ஏப்ரல் 3, லோகேலை (நாடு, மொழி அமைப்பை) என்ன மாற்றினாலும் க்னூ டேட்டுக்கு மார்ச் 4. 13-ஆம் தேதி வந்தால்தான் பிழையே வெளியே தெரியும், அதுவரை பெரும்பாலும் தப்பாகவே ஓடியிருக்கும். ஆண்டு-மாதம்-நாள் வரிசைதான் நல்லது. நேர மண்டலத்துக்கு ஐஎஸ்டி (IST) என்ற சுருக்கமும் வேண்டாம், இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே எழுத்துகள். +05:30 என்றே போடுங்கள், கன்டெய்னர் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது என்பதையும் மறக்காதீர்கள்.

மூன்று இடத்திலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் என்றால் நான் இப்போது டேட்டிடம் பழைய தேதியைப் படிக்கவே கொடுப்பதில்லை. பேக்கப் எடுக்கும்போதே எபோக் நொடியை ஃபைல் பெயரில் சேர்த்துவிடுகிறேன், பிறகு வேண்டியது வெறும் கழித்தல்தான்.