ஓவர்சைஸ் டீ-ஷர்ட்: காதர்பேட்டையில் எதைப் பார்த்து எடுப்பது?

திருப்பூரின் ரெடிமேட் துணிச் சந்தையான காதர்பேட்டையில் ஓவர்சைஸ் டீ-ஷர்ட் எடுப்பவர்கள் முதலில் தோள் தையலைப் பாருங்கள். எல் சைஸ் போடுபவரிடம் டபுள் எக்ஸ்எல் சாதா டீ-ஷர்ட்டைக் கொடுத்து 'ஓவர்சைஸ்தான் தம்பி' என்று தள்ளிவிடுவது சகஜம். அதில் கழுத்து அகன்றுவிடும், நீளமும் தொடைவரை இறங்கும். ட்ராப் ஷோல்டராகவே வெட்டியதில் தோள் தையல் 2, 3 அங்குலம் கீழே நிற்கும். கை முழங்கையை ஒட்டி வரும். கழுத்து மட்டும் அளவாக இருக்கும். மார்புச் சுற்றளவைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதல் போதும்.

துணியின் கனத்தை ஜிஎஸ்எம்மில் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்வார்கள். 180 ஜிஎஸ்எம் துணி உடம்போடு ஒட்டித் தொங்கும், கட்டான வடிவம் வராது. 220 முதல் 240 வரை எடுங்கள். மே வெயிலுக்கு 240 கொஞ்சம் அதிகம்தான்.

பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று மேஜையில் விரித்துப் பாருங்கள். முன்பக்கமாகச் சாய்ந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். அயர்ன் பண்ணினாலும் நேராகாது.

டிடிஎஃப் பிரிண்ட் (ஃபிலிமில் அச்சிட்டு, சூடாக அழுத்தித் துணியில் ஒட்டுவது) என்றால் ஓரத்தை நகத்தால் நெருடுங்கள். தூக்கினால் வேண்டாம். உள்பக்கம் திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். பிரிண்ட் மேல் சூடான அயர்ன் பெட்டி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய சரக்கு) என்று மலிவாகக் கிடைத்தால், வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்ட கோடு இருக்கிறதா என்று தேடிவிட்டுக் காசு கொடுங்கள். பில் இல்லாத இடத்தில் மாற்றித் தருவது அபூர்வம்.